ஏழு மாத இரட்டையருடன் சிங்கப்பூர் போகலாமா?

35 வாரத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு இப்போது ஏழு மாதம் ஆகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு வார விடுமுறையில் அவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாமா, இல்லை இரண்டு வயது நிறையும்வரை பொறுத்திருப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். விமானப் பயணச்சீட்டுத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன், வீட்டில் இரட்டையரை வளர்த்தவன் என்ற இரண்டு காரணங்களாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு குழந்தையுடன் வெளிநாடு போய்வந்த உறவினர்கள் சொல்லும் யோசனைகளை இரண்டால் பெருக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கும்போது எப்போதும் ஒருவருடைய கை காலியாக இருக்கும். பெட்டியை இறக்கவும், பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டவும், பால் கலக்கவும் அந்தக் கைதான் உதவுகிறது. இரட்டையருடன் போகிறவர்களுக்கு அந்தக் காலிக் கை கிடையாது. ஆகவே பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு, இந்த இடத்தில் தாயும் தந்தையும் பிரிந்து ஆளுக்கொரு குழந்தையுடன் தனியே நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். அப்படி நிற்க வேண்டிவரும் இடங்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

முதலில் வயதைப் பார்ப்போம். இரண்டு வயதானால் எளிதாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உட்காரப் பழகி, தவழத் தொடங்காத பருவம்தான் விமானத்துக்கு வசதியானது. நடை பழகிய ஒன்றரை வயதுக் குழந்தையை நான்கு மணி நேரம் மடியில் பிடித்து வைப்பதே பெரும்பாடு. இரண்டு குழந்தைகள் என்றால் ஆளுக்கொரு திசையில் இறங்கி ஓடுவார்கள். செலவும் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட மடிக்குழந்தைக்குப் பன்னாட்டுப் பயணத்தில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவிலோ, குறைந்த கட்டண நிறுவனங்களில் ஒரு நிலையான தொகையாகவோதான் வாங்குவார்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் இருவருக்கும் தனித்தனி இருக்கை வாங்கியாக வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள் என்பதால் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஐந்து வாரத்தைக் கழிக்க வேண்டும். அதன்படி உங்கள் குழந்தைகள் இப்போதுதான் ஆறு மாதத்தை நெருங்குகிறார்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது, கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதைப் போன்றது. நலமாக உள்ள குழந்தைக்கு இது பொருட்டில்லை. ஆனால் பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டிருந்தாலோ, நுரையீரல் பலவீனம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலோ, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பிரச்சினை இருந்திருக்கவும் கூடும் என்பதால் இருவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதம் முதல் போடலாம். முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்பதால் அதைக் கணக்கிட்டே பயணத் தேதியைக் குறியுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி நம் அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில்தான் வருகிறது. பயணம் அதற்கு முன்பு என்றால் என்ன செய்யலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஆவணங்களில் அதிக நேரம் பிடிப்பது பாஸ்போர்ட். கைக்குழந்தையானாலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். இரண்டு விண்ணப்பம், இரண்டு அப்பாயின்ட்மெண்ட். சிறார் பாஸ்போர்ட்டுக்கு 5 ஆண்டுதான் ஆயுள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும், பிறப்புச் சான்றிதழும், பெற்றோரின் பாஸ்போர்ட் நகலும் தேவை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எதுவும் செல்லாது. எனவே சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து பதிவாகும்போது பெயர் இல்லாமலே சான்றிதழ் வந்துவிடுவது வழக்கம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இனிஷியலோடு பழகிய நாம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். பெரியவர்களுக்கே இதனால் பயணச்சீட்டில் பெயரை எப்படிப் போடுவது என்ற குழப்பம் வரும்போது, ஒரே பிறந்த தேதியும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயரும் உள்ள இரட்டையருக்கு இன்னும் மோசம். ஒரே பயணியைத் தவறுதலாக இருமுறை பதிந்துவிட்டதாக முன்பதிவுக் கணினி எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தந்தை பெயரை முழுமையாக விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் இருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் போட்டுவிடுங்கள். சீட்டு எடுத்தபின் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு குழந்தைகளும் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அதற்குமேல் முகவர் கட்டணம். குழந்தைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம்தான். வெள்ளைப் படுக்கை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, நிழல் விழாமல் மேலிருந்து படமெடுத்தால் புகைப்படம் சரியாக அமையும். ஒரே சாயல் கொண்ட இரட்டையர் என்றால், ஒரு குழந்தையைப் படமெடுத்த கையோடு கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டு அடுத்தவரைப் படுக்க வையுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஒருவர் படம் மற்றவர் விண்ணப்பத்தில் ஏறிவிட்டால் பிறகு சிரிக்க முடியாது. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய இணையவழி வருகை அட்டை இலவசம்; அதற்குப் பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

இனி இருக்கை. இதுதான் பெரும்பாலோர் விமானத்தில் ஏறியபிறகு தெரிந்துகொள்ளும் விஷயம். தாயும் தந்தையும் அடுத்தடுத்த இருக்கையில் ஆளுக்கொரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் மூன்று இருக்கை கொண்ட ஒரு தொகுப்புக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தாம் இருக்கும். மூன்று பெரியவர்களும் ஒரு மடிக்குழந்தையும் மட்டுமே அங்கே கணக்கு. இரண்டாவது குழந்தை நடைபாதைக்கு அந்தப் பக்கமோ, முன்பின் வரிசையிலோதான் உட்கார வேண்டும். ஆகவே ஒரே வரிசையில் நடைபாதையின் இருபுறமும் உள்ள இரண்டு ஓர இருக்கைகளைப் பணம் கொடுத்தாவது முன்பதிவு செய்துவிடுங்கள். கையை நீட்டினால் பால் புட்டி கைமாறும் தூரம் அது. கவனிக்காமல் விட்டால், கணினி ஒதுக்கும் இருக்கை ஒருவரை முன்வரிசையிலும் இன்னொருவரைப் பின்வரிசையிலும் கொண்டுபோய் வைத்துவிடும். நிறைந்த விமானத்தில் கைக்குழந்தையுடன் இடம் மாற்றிக் கேட்பது உங்களுக்கும் சங்கடம், மற்றவர்களுக்கும் சங்கடம்.

சுவரில் மாட்டும் தொட்டில் வேண்டுமென்றால் இரட்டை நடைபாதை உள்ள பெரிய விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைத் தடத்தில் பெரும்பாலும் அத்தகைய விமானங்களையே ஓட்டுகிறது. தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, எண்ணிக்கையும் குறைவு. இரண்டு வேண்டுமென்று சீட்டு எடுத்த அன்றே சொல்லிவிட வேண்டும். ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், நன்றாகத் தூங்கும் குழந்தையையும் எடுத்து மடியில் வைத்தாக வேண்டும். நான்கு மணி நேரப் பயணத்தில் ஏறுவது, இறங்குவது, உணவு பரிமாறுவது எல்லாம் போகத் தொட்டிலில் கிடக்கும் நேரம் கொஞ்சம்தான். சிங்கப்பூருக்கு இரட்டைத் தொட்டிலுக்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை. ஐரோப்பா என்றால் வேறு பேச்சு. ஒருவேளை உங்களில் ஒருவர் மட்டும் இரு குழந்தைகளுடன் போக நேர்ந்தால், ஒரு குழந்தையை மட்டுமே மடியில் வைக்க முடியும். மற்றவருக்குத் தனி இருக்கையும், விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையும் வேண்டும்.

விமான நிலையத்தில் மிகவும் திணறும் இடம் பாதுகாப்புச் சோதனை. நம் நாட்டு விமான நிலையங்களில் பெண்களைத் திரைமறைவில் தனியாகச் சோதிப்பார்கள். அதனால் தாய் ஒரு வரிசை, தந்தை ஒரு வரிசை. தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும், பவர் பேங்கையும் லேப்டாப்பையும் தட்டில் தனியே எடுத்து வைக்க வேண்டும், அதற்குள் குழந்தைகள் இருவரும் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டிருப்பார்கள். ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது. எனவே வரிசைக்கு வருவதற்கு முன்பே, வெளியே உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா மின்சாதனங்களும் ஒரே பையில், அந்தப் பை தந்தையிடம்; பால் பவுடர், வெந்நீர், பால் புட்டி, மருந்து எல்லாம் ஒரே ஒளிபுகும் பையில், அது தாயிடம். 100 மில்லி வரம்பு குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தாது; பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், கேட்டால் எடுத்துக் காட்டினால் போதும். தாய் ஒரு குழந்தையுடன் சோதனை முடித்து அந்தப் பக்கம் போய்ப் பைகளின் அருகே நின்றபிறகு தந்தை நகர வேண்டும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பக்கவாட்டில் இரண்டு இருக்கை கொண்ட தள்ளுவண்டி வீட்டில் இருந்தால் அதையே கொண்டுபோகும் ஆசை வரும். லிஃப்டிலும் கடைகளின் இடைவழியிலும் அது நுழையத் திணறும். விமானத்தின் வாசலில் வாங்கிக்கொள்வார்களே தவிர, இறங்கும்போது வாசலிலேயே திருப்பித் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை, பெட்டிகளோடு பெல்ட்டில் வந்தாலும் வரும். ஒரு கையால் மடிக்கக்கூடிய இரண்டு ஒற்றை வண்டிகளும், உடலோடு கட்டிக்கொள்ளும் இரண்டு கேரியர்களும் இருந்தால் எந்த நிலையையும் சமாளிக்கலாம். சென்னையில் பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டில் ஏற்றும் விமானமாக அமைந்துவிட்டால் கேரியரின் அருமை புரியும்.

காதுவலி பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். விமானம் இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி முன்பே கீழிறங்கத் தொடங்கிவிடும். அப்போது எதையாவது உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தால் காது அடைக்காது. இரட்டையருக்கு இதில் ஒரு கூடுதல் பாடு: இருவரும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும், அதுவும் நடைபாதையின் இருபுறமும் உட்கார்ந்துகொண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் என்றால் ஒருவரை மட்டும்தான் தாய் பார்த்துக்கொள்ள முடியும். தந்தையிடம் இருக்கும் குழந்தை, எடுத்துவைத்த தாய்ப்பாலையோ, பால் பவுடரையோ புட்டியில் குடிக்கப் பழகியிருக்க வேண்டும். வீட்டில் பாலாடையில் புகட்டிப் பழகிய குழந்தைகளுக்குக் குலுங்கும் விமானத்தில் அது கைகொடுக்காது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் ஒருவேளை, தாய் அறையில் இல்லாதபோது, தந்தை புகட்டிப் பழக்குங்கள். இரண்டு குழந்தைகளுக்கும் பழக்க வேண்டும், அன்று யார் யார் மடியில் இருப்பார்கள் என்று இப்போதே சொல்ல முடியாதல்லவா? இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து கொஞ்சம் பசியோடு வைத்திருந்தால் அந்த நேரத்தில் மறுக்காமல் குடிப்பார்கள்.

தங்குமிடத்தை ஓட்டலா வீடா என்று யோசிக்கும்போது ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவான காலத்துக்கு வாடகைக்கு விடுவது தடைசெய்யப்பட்டது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அடுக்குமாடி வீட்டை நம்பிப் போகக் கூடாது. உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மெண்ட்களில் பொதுவாகக் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். உங்களுடைய ஒரு வாரத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், கதவு மூடக்கூடிய தனிப் படுக்கையறை ஆகிய மூன்றுக்காகவும் கூடுதல் தொகை கொடுக்கலாம். ஓட்டல்தான் என்றால், அறையின் பரப்பளவைக் கேட்டு, இரண்டு குழந்தைக் கட்டில்கள் அதில் நிற்குமா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். அங்கே அறைகள் சிறியவை. இரண்டாவது கட்டிலுக்கு இடமில்லை என்று தெரியவரும் இரவில் குழந்தைகளைப் பெரிய மெத்தையில் தலையணை அணைகட்டிப் படுக்கவைக்கத் தோன்றும். அது பாதுகாப்பானதன்று.

எந்தப் பகுதியில் தங்குவது என்றால் லிட்டில் இந்தியா பக்கம் என்பேன். இட்லியும் தயிர்ச்சாதமும் கிடைக்கும் என்பதற்காக மட்டுமன்று. 24 மணி நேரக் குழந்தைகள் அவசரப் பிரிவு உள்ள கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனை லிட்டில் இந்தியா மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. வெளிநாட்டவருக்கு அங்கே கட்டணம் அதிகம் என்பதால் பயணக் காப்பீடு அவசியம். குழந்தைக்கு எத்தனை மாதம் முதல் பாலிசி பொருந்தும், குறைமாதப் பிறப்பு சார்ந்த சிகிச்சையை விலக்கியிருக்கிறார்களா என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். ஆம்புலன்சுக்கு 995.

ஊரைச் சுற்ற மெட்ரோவே சிறந்தது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு, 0.9 மீட்டர் உயரத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகள் காரில் குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். டாக்சிக்கு மட்டும் விலக்கு, செயலி வழி வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. சாதாரணக் காரை வரவழைத்தால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், அது அவர் தவறன்று. விலக்கு இருக்கிறதே என்று டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போவதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன்.

பார்க்கும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாளொன்றுக்கு ஒரே இடம் போதும். காலையில் தாவரவியல் பூங்கா, அனுமதி இலவசம். வெயில் ஏறியபின் கார்டன்ஸ் பை தி பேயின் குளிரூட்டிய இரண்டு கண்ணாடிக் கூடங்கள். மண்டாய் விலங்குக் காட்சியகம் ஏழு மாதக் குழந்தைக்கு இல்லை, உங்களுக்குத்தான். இரண்டரை மணி நேர வித்தியாசம் மட்டுமே இருப்பதால் குழந்தைகளின் தூக்கத்தை அங்குள்ள கடிகாரத்துக்கு மாற்ற முயலாதீர்கள். வீட்டில் இரவு 7 மணிக்குத் தூங்குகிறவர்கள் அங்கே 9.30க்குத் தூங்குவார்கள், மாலை முழுவதும் உங்களுக்கு வெளியே போகக் கிடைக்கும். ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால் தள்ளுவண்டியைத் தடித்த துணியால் மூடக் கூடாது, உள்ளே வெப்பம் தேங்கும். டெங்கு உள்ள ஊர் என்பதால் கொசுவலை போடலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வரும். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலை எண்ணி அந்த மாதங்களைத் தவிர்ப்பதே என் விருப்பம்.

மருந்துப் பையில் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தை இங்கிருந்தே, அதன் அளவுக் குழாயோடு கொண்டுபோங்கள். நம் ஊர்ச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் வகைகளில் அதைவிட மிகக் குறைவு. அங்கே வேறு வாங்கி, பழைய அளவிலேயே கொடுத்தால் பிழையாகும். இருவருக்கும் காய்ச்சல் வரும் இரவில், தாய் கொடுத்த மருந்தைத் தந்தை மறுபடியும் அதே குழந்தைக்குக் கொடுத்துவிடுவது இரட்டையர் வீட்டில் எளிதில் நேரக்கூடியது. ஆகவே பெயர், மணி, அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள். உரைமருந்தும் வசம்பும் வீட்டிலேயே இருக்கட்டும். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டி கட்டிக் கொடுக்கும் பொடிகளில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டயப்பரை மூட்டை கட்ட வேண்டாம், இரண்டு நாளுக்கு எடுத்துக்கொண்டு மீதியை ஃபேர்பிரைஸ் கடையில் வாங்கலாம். பால் பவுடர் மட்டும் பழகிய டப்பாவே வேண்டும்.

பாட்டியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பணம் இருந்தால் தொட்டில் வசதிக்கும் பெரிய அறைக்கும் செலவிடுவதற்கு முன்பு, மூன்றாவது பெரியவர் ஒருவருக்குச் சீட்டு எடுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலிக் கை அவரால்தான் வரும்; விமானக் கழிப்பறையில் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றும்போது மற்றக் குழந்தையுடன் இருப்பவர் தண்ணீர் குடிக்கக்கூட எழ முடியும். ஆனால் முழங்கால் வலியுள்ள பெரியவரை இதற்காக வற்புறுத்தி அழைத்துப் போனால், கவனிக்க வேண்டியவர்கள் மூவராகிவிடுவார்கள். நடமாட்டம் நன்றாக உள்ள சித்தியோ, தங்கையோ வந்தாலும் சரிதான்.

பயணச்சீட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள். ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டு மூன்று நாளில் அடுத்த குழந்தைக்கும் வரும். ஆகையால் ஒரு குழந்தை உள்ள குடும்பத்தைவிட உங்கள் பயணம் தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம். புறப்படும் வாரத்தில் காதில் சீழோ, காய்ச்சலோ, மூச்சிரைப்போ ஒருவருக்கு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, அவர் வேண்டாம் என்றால் நால்வருமே தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ஒரு குழந்தையுடன் முன்னே போய், மற்றவர்கள் பின்னால் வருவது என்று பிரிக்க எண்ண வேண்டாம். வீட்டில் தங்கிய குழந்தை குணமாகும் நேரத்தில் முன்னே போன குழந்தைக்கு அங்கே காய்ச்சல் தொடங்கியிருக்கும்.